அணியின் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

பணியில் சேர்ந்த முதல் ஆண்டு அமெரிக்க இலக்கியத் தாளை என் தலையில் கட்டினார்கள். முதல் வகுப்பிலேயே நாற்பது அணி இலக்கணக் கலைச்சொற்களை நகலெடுத்துக் கொடுத்தேன். சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), ஐரனி (சொல்லோ நிகழ்வோ எதிர்மாறாகத் திரும்புவது), அலிட்டரேஷன் (சொற்களின் முதலொலி ஒன்றுவது), அனஃபோரா (தொடக்கச் சொல் திரும்ப வருவது) என்று போகும் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம், ஒரு வரி எடுத்துக்காட்டு. மாணவர்கள் சளைக்காமல் மனப்பாடம் செய்தார்கள். தேர்வில் விடைத்தாளுக்கு விடைத்தாள் 'ஆசிரியர் இங்கே அலிட்டரேஷனைப் பயன்படுத்துகிறார்' என்றிருந்தது. அதற்கு அடுத்த வரி ஒரு தாளிலும் இல்லை. பயன்படுத்தினால் என்ன, விட்டிருந்தால் என்ன என்று நான் வகுப்பில் ஒருநாளும் கேட்டதில்லை. அவர்கள் எங்கிருந்து எழுதுவார்கள்?

அதே தவற்றைச் செய்யவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுக்கப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது உதவும். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்பு ஆங்கிலம் என்றால் அமெரிக்க இலக்கியம்தான்; அங்கே படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் துணையிருக்கும் பெற்றோருக்கும் உதவலாம். முறை எளிது. வரியைக் காட்டுங்கள். அதில் ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள், அல்லது மாற்றி எழுதுங்கள். என்ன குறைந்தது என்று கேளுங்கள். குறைந்தது இன்னதென்று மாணவர் தம் வாயால் சொன்ன பிறகு அணியின் பெயரைச் சொல்லுங்கள்.

பனுவல்களைக் குறையுங்கள்

பாடத்திட்டத்தில் 'மோபி டிக்' என்ற தடித்த திமிங்கில நாவல் இருக்கலாம். இருக்கட்டும். அணிகளை அந்தத் திமிங்கிலத்தில் தொடங்கினால் பருவம் முடியும்வரை கரை தெரியாது. ஐம்பது நிமிட வகுப்பில் முழுதாகப் படித்துவிட்டுப் பேசவும் நேரம் மிஞ்சுகிறவற்றை எடுங்கள். நான் நான்கை வைத்திருக்கிறேன்: ஆபிரகாம் லிங்கன் 1863இல் நிகழ்த்திய கெட்டிஸ்பர்க் உரை, ஏறக்குறைய 270 சொற்கள், கேட் ஷோப்பன் 1894இல் எழுதிய 'ஒரு மணி நேரத்தின் கதை', சுமார் ஆயிரம் சொற்கள், ஃபிரெடரிக் டக்ளஸ் 1852இல் ஆற்றிய சுதந்திர நாள் உரையிலிருந்து இரண்டு பக்கம், எமிலி டிக்கின்சனின் கவிதை ஒன்று. முதல் மூன்றுக்கும் பதிப்புரிமைத் தொல்லை கிடையாது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் ஆனால் இந்தியச் சட்டப்படி உரிமை முடிந்துவிடும். தயங்காமல் நகலெடுங்கள். வரிகளுக்கிடையே இரண்டு மடங்கு இடம் விடுங்கள், வலப்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு ஓரம் விடுங்கள். மாணவர் எழுதப்போவது அங்கேதான்.

அணிகளும் பேச்சுக்கலையும் கற்பிக்க அமெரிக்க இலக்கியம் ஏன் இவ்வளவு வாகாக இருக்கிறது? அந்த நாடே ஒரு வாதத்தோடு பிறந்தது. 1776இன் சுதந்திரப் பிரகடனம், 'பிரிந்து போகிறோம், காரணங்கள் இவை' என்று உலகத்துக்கு எழுதிய விண்ணப்பம். மன்னர்மீது சாட்டும் குற்றங்கள் வரிசையாக 'ஹி ஹேஸ்', 'ஹி ஹேஸ்' என்றே தொடங்குகின்றன. பிறகு தேவாலயப் பிரசங்கம், அடிமை ஒழிப்பு மேடை, நகரம் நகரமாகச் சென்ற சொற்பொழிவாளர்கள். மேடையும் இலக்கியமும் அங்கே ஒரே திண்ணையைப் பகிர்ந்துகொண்டவை.

லிங்கனின் கணக்கு

முதல் வகுப்புக்குக் கெட்டிஸ்பர்க் உரையை எடுத்துச் செல்லுங்கள். பின்னணியை நான்கு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். 1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்கில் கடும் போர். நவம்பர் 19 அன்று அங்கே வீரர்களின் கல்லறைத் திடலை அர்ப்பணிக்கும் விழா. முதன்மைப் பேச்சாளர் எட்வர்டு எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் ஏறத்தாழ இரண்டு நிமிடம். (மறுநாள் எவரெட்டே லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்: நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்ட மையக் கருத்துக்கு அருகில் நான் இரண்டு மணி நேரத்தில் வந்தேன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் மகிழ்வேன் என்று. பேராசிரியர்கள் இந்தக் கடிதத்தை ஆண்டுக்கு ஒருமுறை படிப்பது நல்லது.)

பேனாக்களை மூடச் சொல்லுங்கள். நீங்கள் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு ஒரு மாணவர் படிக்கட்டும். அதன்பின் கரும்பலகையில் முதல் சொற்களை எழுதுங்கள்: 'ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன் இயர்ஸ் அகோ'. ஸ்கோர் என்றால் இருபது. நாலு இருபதும் ஏழும். அதன் கீழே 'எய்ட்டி செவன் இயர்ஸ் அகோ' என்று எழுதுங்கள். பொருள் ஒன்றுதான். என்ன குறைந்தது?

முதலில் வகுப்பு மௌனமாக இருக்கும். இருக்கட்டும், காத்திருங்கள். 'பழைய காலம் மாதிரி இருக்கிறது, சார்' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அது போதும். ஆங்கில பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் மனிதனின் ஆயுளை 'மூன்று இருபதும் பத்தும்' என்று எண்ணும் சங்கீதத்தை அப்போது சொல்லுங்கள். அன்று கல்லறைத் திடலில் நின்றவர்களின் காதில் அந்த எண்ணிக்கை தேவாலய மணி போல ஒலித்திருக்கும். எண்பத்தேழு என்று சொல்லியிருந்தால் கணக்குப்பிள்ளை பேசியதாகவே இருந்திருக்கும்.

இனிமேல்தான் வகுப்பு சூடு பிடிக்கும். 1863லிருந்து 87ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 1776 வரும். அமெரிக்க அரசமைப்புச் சட்டம் எப்போது வரையப்பட்டது? 1787இல். லிங்கன் நாட்டின் வயதை அரசமைப்பிலிருந்து ஏன் எண்ணவில்லை? அரசமைப்பு அடிமை முறையோடு சமரசம் செய்துகொண்ட ஆவணம். பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணச் சொன்னது அது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சொன்னது 1776இன் பிரகடனம். லிங்கன் தமக்கு வேண்டிய பிறந்தநாளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். உரையின் வாதம் முழுவதும் முதல் ஆறு சொற்களில், ஒரு கழித்தல் கணக்கில் ஒளிந்திருக்கிறது. அணி என்பது மேலே பூசும் வண்ணம் என்ற எண்ணம் இந்த ஒரு கணக்கிலேயே உடைந்துவிடும்.

அடுத்து 'டெடிகேட்' என்ற சொல் வரும் இடங்களை எல்லாம் வட்டமிடச் சொல்லுங்கள். ஆறு வட்டம் வரவேண்டும். ஐந்து வந்தால் இன்னொரு முறை தேடட்டும். வட்டத்துக்குப் பக்கத்தில், அர்ப்பணிக்கப்படுவது எது என்று எழுதச் சொல்லுங்கள். முதலில் நாடு, ஒரு கொள்கைக்கு. பிறகு நிலத்தின் ஒரு பகுதி, இறந்தவர்களுக்கு. அதற்குப் பிறகு ஒரு திருப்பம்: இந்த நிலத்தை நாம் அர்ப்பணிக்க முடியாது என்கிறார். விழா நடப்பதே அதற்காகத்தான், விழா மேடையிலேயே முடியாது என்கிறார்! கடைசி இரண்டு வட்டங்களில் அர்ப்பணிக்கப்படுவது நாம், உயிரோடு இருப்பவர்கள். நிலத்தைப் பார்க்க வந்த கூட்டத்தின் பக்கம் சொல் மெல்லத் திரும்பிவிட்டது. 'ஹியர்' என்ற சொல்லையும் இதேபோல எண்ணலாம். பரவலாக அச்சாகும் படியில் எட்டு முறை வருகிறது. உரையின் படிகள் ஐந்து உண்டு, சிறு சிறு வேறுபாடுகளோடு. எனவே எல்லாருக்கும் ஒரே நகலைக் கொடுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கையில் சண்டை வரும்.

இவ்வளவும் ஆன பிறகு, 'ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு முறையும் பொருள் நகர்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பே குறிப்பேட்டைத் திறக்கும்.

தெரிந்த பெயர்களைக் கவனமாகக் கையாளுங்கள்

தமிழ்வழி வந்த மாணவருக்கு அணி இலக்கணம் புதிதன்று. உவமை, உருவகம், பிறிதுமொழிதல், வஞ்சப்புகழ்ச்சி எல்லாம் பள்ளியிலேயே படித்தவர்கள். அந்த அறிவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துவது வீண். ஆனால் இந்தப் பெயருக்கு அந்தப் பெயர் என்று நேர்க்கோடு போட்டுவிடாதீர்கள். பல இடங்களில் கோடு கோணலாகப் போகும்.

உவமைக்கும் உருவகத்துக்கும் சிக்கலில்லை. மோனை அலிட்டரேஷனுக்கு மிக அருகில் வரும். அடி இறுதியில் ஒலி ஒன்றுவதை நாம் இயைபு என்கிறோம், ஆங்கிலக் கவிதையின் ரைம் பெரும்பாலும் அதுதான். எதுகையை ரைம் என்று மொழிபெயர்த்தால் மாணவர் வரியின் தொடக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார். தற்குறிப்பேற்றத்தைப் பர்சானிஃபிகேஷன் (மனிதரல்லாததை மனிதராகக் காட்டுவது) என்று எழுதும் கைடுகளும் உண்டு. தற்குறிப்பேற்றத்தில் இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுகிறார்: காற்றில் அசையும் கொடி, 'வராதே' என்று கைகாட்டுவதாக. டிக்கின்சனின் கவிதையில் மரணம் வண்டியோடு வந்து நின்று அழைத்துப்போகும் கண்ணியமான மனிதராகவே நடமாடுகிறது. அங்கே இயல்பு நிகழ்ச்சிக்குக் கற்பிக்கும் காரணம் எதுவும் இல்லை. வஞ்சப்புகழ்ச்சிக்கும் ஐரனிக்கும் உறவு உண்டு, ஆனால் அது தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு. 'தேவர் அனையர் கயவர்' என்று வள்ளுவர் சொல்வது சொல்லளவில் நிற்கும் ஐரனி. நிகழ்ச்சியே எதிர்மாறாகத் திரும்பும் ஐரனிக்கு நம் அணி நூல்களின் பெயர் பொருந்தாது. தயக்கமில்லாமல் ஐரனி என்றே சொல்லுங்கள்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் லிங்கனின் கடைசி வரி. 'ஆஃப் த பீப்பிள், பை த பீப்பிள், ஃபார் த பீப்பிள்': ஆங்கிலத்தில் திரும்ப வரும் சொல் கடைசியில் நிற்கிறது, மாறும் சொல் முன்னால். தமிழில் 'மக்களுடைய, மக்களால், மக்களுக்காக' என்று சொன்னதும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. மாறுவது வேற்றுமை உருபாகப் பின்னால் போய்விட, திரும்ப வரும் சொல் முன்னால் வந்து நிற்கிறது. இறுதிச் சொல் திரும்பும் எபிஸ்ட்ரஃபி, நம் மொழிக்குள் வந்ததும் தொடக்கச் சொல் திரும்பும் அனஃபோரா ஆகிவிட்டது. இதைக் கரும்பலகையில் மேலும் கீழுமாக எழுதிக் காட்டினால் இரண்டு பெயர்களும் ஆயுளுக்கும் மறக்காது. வாய்விட்டுப் படிக்கும்போது பலர் 'ஆஃப்', 'பை', 'ஃபார்' ஆகியவற்றை அழுத்துவார்கள். 'பீப்பிள்' என்பதை அழுத்திப் படிப்பதுதான் சரி என்பது என் கட்சி. வகுப்பில் இரண்டு விதமாகவும் படிக்கச் சொல்லிச் சண்டை மூட்டுங்கள்.

கடைசிப் பத்தியைக் கத்தரியுங்கள்

ஐரனிக்கு ஷோப்பனின் கதையை விடச் சிறந்த கருவி எனக்குக் கிடைத்ததில்லை. இதயக் கோளாறுள்ள மிசஸ் மாலர்டிடம், கணவர் ரயில் விபத்தில் இறந்துவிட்டதாக மெல்லச் சொல்கிறார்கள். அழுகிறாள். தனியே மாடிக்குப் போய்த் திறந்த சன்னலுக்கு எதிரே உட்காருகிறாள். வெளியே வசந்தம், சிட்டுக்குருவிகள், தெருவில் கூவி விற்பவன். அங்கே அவளுக்குள் ஒரு சொல் எழுகிறது: விடுதலை. கதவைத் திறந்துகொண்டு வெற்றித் தேவதை போல இறங்கி வரும்போது வாசலில் கணவர் நிற்கிறார், பயணப் பையும் குடையுமாக. விபத்து நடந்த இடத்திலேயே அவர் இல்லை.

நகலெடுக்கும்போது கடைசி வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அவள் விழுந்துவிட்டாள், மருத்துவர்கள் வந்துவிட்டார்கள். இறப்புக்குக் காரணம் என்னவென்று மருத்துவர் எழுதியிருப்பார்? ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதட்டும். பாதிப்பேர் 'அதிர்ச்சி' என்றும், சிலர் 'ஏமாற்றம்' என்றும் எழுதுவார்கள். பிறகு ஷோப்பனின் வரியைப் படியுங்கள்: கொல்லுகிற ஆனந்தத்தால் இறந்தாள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த நொடியில் வகுப்பில் எழும் சலசலப்புத்தான் டிரமாட்டிக் ஐரனி. அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிகிறது. தெரிந்த இன்னொருத்தி செத்துக் கிடக்கிறாள்.

பிறகு பின்னோக்கிப் போங்கள். முதல் வாக்கியத்தின் 'இதயக் கோளாறு' இப்போது உடலைப் பற்றியது மட்டும்தானா? வாழ்க்கை நீண்டுவிடுமோ என்று நேற்றுவரை நடுங்கியவள், சற்றுமுன்தான் நீண்ட ஆயுள் வேண்டுமென்று வேண்டிக்கொண்டாள். அது எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள். அவளுடைய பெயர் லூயிஸ் என்பது நமக்கு எப்போது தெரிகிறது? கதையின் பெரும்பகுதியில் 'மிசஸ் மாலர்ட்', 'அவள்'. தன்னை விடுதலை பெற்றவளாக உணர்ந்த பிறகுதான், சாவித்துவாரத்தில் வாயை வைத்துத் சகோதரி 'லூயிஸ்' என்று அழைக்கிறாள். இதற்கு எந்தக் கலைச்சொல்லும் தேவையில்லை. கவனித்தால் போதும். சன்னலைப் பற்றிக் கேட்டால், சங்கப் பாடலில் உள்ளுறை கண்டு பழகிய மாணவர் நீங்கள் சொல்லாமலே சொல்லிவிடுவார்.

ஓர் எச்சரிக்கை. 'கணவர் நல்லவர்தானே, இவள் இப்படி நினைக்கலாமா?' என்று எவராவது எழுவார். தடுக்காதீர்கள். அவர் அவளை அன்போடு அன்றிப் பார்த்ததே இல்லை என்று கதையே சொல்கிறது. தீர்ப்பு வழங்க வேண்டாம், எந்த வரியை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

யார், யாரிடம், எந்த நாளில்

ரெட்டரிக், அதாவது பேச்சுக்கலை, என்றதும் ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் என்று மூன்று பெட்டி வரைவது வழக்கம்: பேசுபவரின் தகுதி, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம். இந்த மூன்றையும் வகுத்துச் சொன்ன அரிஸ்டாட்டிலுக்கு மரியாதை செலுத்துவதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பெட்டிகளை முதலில் கொடுத்தால் மாணவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். டக்ளஸைக் கொடுங்கள். பெட்டிகள் தாமே உடையும்.

மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பியவர் டக்ளஸ். சிறுவனாக இருந்தபோது ஐம்பது சென்ட் கொடுத்து வாங்கிய சொற்பொழிவுத் திரட்டு ஒன்றைப் படித்துத்தான் பேச்சுக்கலை பழகினார். நீங்கள் வகுப்பில் செய்யப்போவதை அவர் ஆசிரியர் இல்லாமலே செய்திருக்கிறார். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் சுதந்திர நாளை ஒட்டிப் பேச அழைத்தார்கள். 1852 ஜூலை 5 அன்று பேசினார்.

பயிற்சி இது. இரண்டு வண்ணப் பென்சில். 'யுவர்', 'யூ', 'யுவர்ஸ்' வரும் இடமெல்லாம் சிவப்பு. 'ஐ', 'மை', 'மைன்' நீலம். தொடக்கத்தில் கூட்டத்தை 'சக குடிமக்களே' என்று விளிக்கிறார். அடுத்த கணமே 'உங்கள்' சுதந்திரம், 'உங்கள்' தந்தையர். சிவப்பு மளமளவென்று பரவும். நாட்டைத் தோற்றுவித்தவர்களை மனமாரப் புகழ்கிறார், கூட்டமும் மகிழ்ந்திருக்கும். பிறகு ஒரே போடு: இந்த நாள் உங்களுடையது, என்னுடையதன்று, நீங்கள் கொண்டாடலாம், நான் துக்கம் காக்க வேண்டும். 'யுவர்' என்ற இடங்களில் எல்லாம் 'அவர்' என்று, அதாவது 'நம்முடைய' என்று மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். உரை ஊராட்சித் தலைவரின் கொடியேற்ற உரையாகிவிடும்.

அடுத்து, இன்னும் நுட்பமான இடம். அடிமை மனிதன்தான் என்று நான் நிரூபிக்க வேண்டுமா என்று கேட்கிறார். தேவையில்லை, அது ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டது என்கிறார். சான்று? கறுப்பர் செய்தால் மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்கள் வர்ஜீனியாவில் 72. அவற்றில் வெள்ளையருக்கும் அதே தண்டனை கிடைப்பவை இரண்டே இரண்டு. பகுத்தறியாத விலங்குக்கு யாராவது சட்டம் எழுதுவார்களா? நிரூபிக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே, எதிரியின் சட்டப் புத்தகத்தை வைத்தே நிரூபித்துவிட்டார். இந்த இடத்தில் ஈதோஸ் எது, பேதோஸ் எது, லோகோஸ் எது என்று கேளுங்கள். எண்களில் தர்க்கம் இருக்கிறது. அதைச் சொல்வது தப்பிவந்த ஒருவரின் வாய். கேட்டதும் வயிறு எரிகிறது. ஒரே வாக்கியத்தில் மூன்றும் பின்னிக் கிடப்பதைப் பார்த்த மாணவர் மறுபடி பெட்டி வரைய மாட்டார். ஐந்தாண்டு கழித்து, 1857இல், கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் சொல்லிவிட்டு, 'சக குடிமக்களே' என்ற விளியை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

நேரமிருந்தால் மார்ட்டின் லூதர் கிங். அவருடைய எழுத்துக்குப் பதிப்புரிமை இன்னும் இருக்கிறது, ஆகவே முழு உரையை நகலெடுக்காமல் ஒலிப்பதிவின் தொடக்கத்தைக் கேட்கச் செய்யுங்கள். 1963 ஆகஸ்ட் 28, லிங்கன் நினைவு மண்டபத்தின் முன். 'ஃபைவ் ஸ்கோர் இயர்ஸ் அகோ' என்ற சொற்கள் வந்ததும் முன்வரிசையில் யாராவது நிமிர்ந்து உட்காருவார்கள். பழைய பனுவல் ஒன்றைப் பெயர் சொல்லாமல் நினைவூட்டும் அல்யூஷன் என்ற சொல்லை விளக்க அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். அதே ஆண்டு ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் 300 சொற்களுக்கு மேல் நீளும் ஒரு வாக்கியம் உண்டு. பொறுத்திருங்கள் என்று அறிவுரை சொன்னவர்களுக்கு விடை அது. கொடுமை கொடுமையாக அடுக்கிக்கொண்டே போகிறார், முதன்மை வாக்கியம் வருவதே இல்லை. கடைசியில்தான், காத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினம் என்பது அப்போது உங்களுக்குப் புரியும் என்று முடிகிறது. படிப்பவரைக் காக்க வைத்தே காத்திருப்பின் வலியைச் சொல்லிவிடுகிறார். இதைத் தமிழாக்கிக் காட்டாதீர்கள். நம் மொழியில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும், ஆகவே இதில் என்ன அதிசயம் என்று தோன்றிவிடும். ஆங்கிலத்தில் அது வேண்டுமென்றே செய்யும் வேலை.

ஒலிக்கு எட்கர் ஆலன் போவின் 'அண்டங்காக்கை' கவிதை, 1845. ஒரே வரி போதும்: 'அண்ட் த சில்கன், சேட், அன்சர்ட்டன் ரஸ்லிங் ஆஃப் ஈச் பர்ப்பிள் கர்ட்டன்'. ஸகர ஒலிகள் திரைச்சீலையைப் போலவே உரசுகின்றன, 'அன்சர்ட்டன்' 'கர்ட்டன்' நடுவிலேயே கைகோக்கின்றன. டிக்கின்சனுக்கு எடுத்துவிட்டுப் பார்க்கும் சோதனை: 'மரணம் அன்போடு எனக்காக நின்றது' என்பதில் 'அன்போடு' என்பதை நீக்குங்கள்.

எந்தப் படி உங்கள் கையில்?

புதியவர்கள் இடறும் பள்ளம் ஒன்று உண்டு. அமெரிக்க விடுதலைக் கிளர்ச்சித் தலைவர் பாட்ரிக் ஹென்றியின் 'விடுதலை கொடு, அல்லது மரணம் கொடு' உரை 1775இல் பேசப்பட்டது. நாம் படிக்கும் வடிவம் 1817இல் ஒரு வாழ்க்கை வரலாற்று நூலில் நினைவுகளைத் திரட்டி அச்சானது. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற பெண் பேச்சாளர் சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஒஹையோ பெண்ணுரிமை மாநாட்டில் ஆற்றிய உரை இன்னும் விசித்திரம். அந்த ஆண்டே செய்தித்தாளில் வந்த வடிவத்தில் 'நான் பெண் இல்லையா' என்ற புகழ்பெற்ற பல்லவியே கிடையாது. 1863இல் வேறொருவர் எழுதி வெளியிட்ட வடிவத்தில்தான் அது வருகிறது, தென்மாநில அடிமைகளின் பேச்சுவழக்கோடு. ட்ரூத் நியூயார்க்கில் பிறந்தவர், தாய்மொழி டச்சு. 'அனஃபோராவை அழகாகக் கையாள்கிறார்' என்று வகுப்பில் முழங்கியபின் இது தெரிந்தால் முகம் சிவக்கும். எனக்குச் சிவந்தது. இப்போது இரண்டு வடிவங்களையும் அருகருகே அச்சிட்டுக் கொடுக்கிறேன். பல்லவியைச் சேர்த்தவர் எதைச் சாதித்தார், எதை அழித்தார் என்பது ஒரு வார வகுப்புக்குத் தீனி.

எழுத வைத்தல், திருத்துதல்

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் தன்வரலாற்றில் தாம் எழுதப் பழகிய முறையைச் சொல்கிறார். நல்ல கட்டுரை ஒன்றைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சுருக்கமான குறிப்பு எடுத்துக்கொள்வார். சில நாள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் குறிப்பிலிருந்து கட்டுரையைத் திரும்ப எழுதுவார். பிறகு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்துவார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, வாரங்கள் கழித்து வரிசைப்படுத்திப் பார்ப்பார். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். திங்களன்று லிங்கனின் பத்து வாக்கியங்களுக்கும் மாணவர் தமிழில் குறிப்பெடுக்கட்டும். வெள்ளியன்று அந்தக் குறிப்பிலிருந்து ஆங்கிலத்தில் எழுதட்டும். மூலத்தோடு வைத்துப் பார்க்கும்போது, தாம் 'திஸ் பிளேஸ்' என்று ஒருமுறை எழுதிய இடத்தில் லிங்கன் 'ஹியர்' என்று எத்தனை முறை அடித்திருக்கிறார் என்பது கண்ணில் படும். வகுப்பில் தமிழில் வாதாட விடுங்கள், தாளில் ஆங்கிலம் வரட்டும்; இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் கூச்சமுள்ள பிள்ளைகள் வாயைத் திறக்கவே மாட்டார்கள்.

திருத்தும்போது ஒரு தொடரைத் தடை செய்துவிடுங்கள்: 'அழகு சேர்க்கிறது'. அது வந்த இடத்தில் நான் சிவப்பு மையால் 'எப்படி?' என்று மட்டும் எழுதுவேன். சென்ற பருவத்தில் பத்து மதிப்பெண் வினாவுக்கு ஒரு மாணவர் எழுதியது: 'லிங்கன் இவ்வுரையில் ரெபிட்டிஷன், அனஃபோரா, ட்ரைகோலன் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார். இவை உரைக்கு அழகு சேர்க்கின்றன.' பெயர் மூன்றும் சரி (ட்ரைகோலன் என்பது மூன்று தொடர்களை அடுக்குவது). மூன்று மதிப்பெண் போட்டேன். பின்வரிசை மாணவி ஒருவர் எழுதியது: 'டெடிகேட் என்ற சொல் முதலில் நாட்டை, பிறகு நிலத்தைக் காட்டுகிறது, முடிவில் கேட்டுக்கொண்டு நிற்பவர்களைக் காட்டுகிறது. மரியாதை செலுத்த வந்தவர்கள் ஒரு வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.' ஒரு கலைச்சொல்கூட இல்லை. ஒன்பது போட்டேன். பெயரை எழுதாததற்கு ஒன்று குறைத்தேன்.